முதலாளியைத் தூக்கப் பழகின கதை

"உதென்ன பிள்ளை, வெள்ளைத் துணி? என்னைக் கொண்டுபோக வந்தனீரோ?"

கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்தபடி கந்தையா முதலாளி இப்படிக் கேட்டதும் அறையில் நின்ற மற்ற இரண்டு பேருக்கும் கை கால் ஓடவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற குணம் அண்ணை, சுட்டதுபோலக் கையை எடுத்தார். இந்தப் பக்கம் நின்ற ரஞ்சி "சிவசிவா!" என்று சொல்லிக்கொண்டு சாமி அறைக்கு ஓடினா. திரும்பி வரும்போது கை நிறையத் திருநீறு. முதலாளியின் நெற்றியில் பூசினா, தன் நெற்றியில் பூசினா, போகிற போக்கில் என் நெற்றியிலும் ஒரு இழுவை இழுத்துவிட்டா.

எனக்கு ஏறின கோபத்தைச் சொல்லி வேலையில்லை. கரம்பொன்னில் இருந்து புங்குடுதீவு மடத்துவெளிக்குத் தென்மேற்குச் சோளகக் காற்றுக்குள் ஸ்கூட்டி ஓடி வந்தவள் நான். பாலத்தில் காற்று ஸ்கூட்டியைக் கடலுக்குள் தள்ளப் பார்த்தது. உதடெல்லாம் உப்பு.

"ஐயா, இது ஆளைத் தூக்காமல் வழுக்கி நகர்த்திற துணி. எங்கட கந்தோர் தந்தது. வெளிநாட்டு ஆசுப்பத்திரியளிலை எல்லாம் இதுதான்."

"வெளிநாட்டிலை என்னத்தையும் செய்யட்டும். புங்குடுதீவிலை உயிரோடை இருக்கிற ஆளை வெள்ளைத் துணியிலை தூக்கிறேல்லை."

அதோடு பயிற்சி அந்த இடத்திலேயே நின்றது.

தூக்கிறதுக்கும் வகுப்போ?

நான் எழுதுகிற இந்தத் தொடரை வாசிக்கிற ஒருத்தர் வேலணைச் சந்தையில் என்னைப் பிடித்துக் கேட்டார்.

"ஏன் தங்கச்சி, தூக்கிறதுக்கும் வகுப்பு எடுத்தனீங்களோ? மனிசர் பிறந்த நாளிலை இருந்து தூக்கிக்கொண்டுதானே இருக்கினம்?"

கையில் கனத்த மரக்கறிப் பை. ஒரு பக்கம் சரிந்து, முகத்தைச் சுளித்து, மற்றக் கையை இடுப்பில் கொடுத்துக்கொண்டுதான் கேட்டார். பையை வாங்கிப் பாதியை இன்னொரு பையில் கொட்டி, இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன்.

"அட, லேசாக் கிடக்கே!" என்றார்.

அதுதான் ஐயா வகுப்பு.

ஆசுப்பத்திரியில் இயன்மருத்துவப் பிரிவில் உதவியாளராகத் தொடங்கினவள் நான். உடைந்த நாரிகளை உருவிவிட்டு உருவிவிட்டுக் கை ஓய்ந்துபோய், உடையுமுன்னமே தடுக்கலாமே என்று பயிற்சிப் பக்கம் வந்தேன். சீமெந்துக் கடை, சங்கக்கடை, இறங்குதுறை, பிறகு வீடுகளில் வயதானவர்களைப் பார்க்கிற பெண்கள் என்று தீவுப் பகுதி முழுக்கத் திரிந்தேன். நாரி என்று நாங்கள் சொல்வது முதுகு முடிந்து இடுப்புத் தொடங்குகிற அந்த இடத்தை. இஞ்சை ஆரைக் கேட்டாலும் நாரி நோ. சுகம் விசாரித்தால் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுமுன் நாரியைப் பற்றித்தான் சொல்லுவார்கள்.

நான் சொல்லிக் கொடுப்பது பெரிய வித்தை இல்லை. முதலில் பாரத்தைப் பார். காலை அகட்டி நில். முழங்காலை மடி, நாரியை மடிக்காதே. பாரத்தை வயிற்றோடு சேர்த்துப் பிடி. திரும்பவேண்டும் என்றால் பாதத்தைத் திருப்பு, இடுப்பை முறுக்காதே. ஏலாது என்றால் இன்னொருத்தரைக் கூப்பிடு.

இதில் கடைசி ஒன்றுதான் எங்கட ஆக்களுக்கு விளங்காது. இன்னொருத்தரைக் கூப்பிடுவது வெட்கம். முழங்காலை மடித்துக் குந்துவது அதைவிட வெட்கம். "குந்தி எழும்பினா பலமில்லாத ஆள் எண்டு நினைப்பினம் மிஸ்" என்று சீமெந்துக் கடையில் ஒருத்தர் என் முகத்துக்கு நேரே சொன்னார். என்ன கோதாரி! நாரி போன பிறகு ஆள் ஆளாகவே இருக்கமாட்டார், அது மட்டும் பரவாயில்லையாம்.

துறையில் சரிந்த பிரிட்ஜ்

முதலாளி வீட்டுக்குத் திரும்பப் போகுமுன் துறைக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். அது இல்லாமல் இது விளங்காது.

குறிகட்டுவான் துறையில் சாமான் ஏற்றுகிற ஆக்களுக்குப் பயிற்சி. நெடுந்தீவுக்குப் போகவேண்டிய பெரிய குளிர்சாதனப் பெட்டி, பிரிட்ஜ் ஒன்று கரையில் நின்றது. நல்லதாய்ப் போயிற்று, இதிலேயே பழக்குவோம் என்று நினைத்தேன். மூலைக்கு ஒருத்தராக நால்வரை நிறுத்தினேன். காலை அகட்டு, முழங்காலை மடி, எல்லாம் ஒழுங்கு.

"நான் ஒண்டு, ரெண்டு, மூண்டு சொல்லி, பேந்து 'தூக்கு' எண்டு சொல்லுவன். அதுக்குப் பிறகுதான் தூக்கவேணும். விளங்கினதோ?"

"ஓம் மிஸ்."

"ஒண்டு" என்றேன்.

அந்த நேரம் பார்த்து நயினாதீவுப் படகு துறையை விட்டு வெளிக்கிட்டது. படகு நிறையச் சனம். அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் சும்மா போவார்களோ? எல்லாரும் ஒரே குரலில், "அரோகரா!"

அவ்வளவுதான். பிரிட்ஜின் கடல் பக்க மூலை இரண்டும் மேலே போய்விட்டன. தரைப் பக்கம் நின்ற இருவரும் நான் சொல்லும்வரை பார்த்துக்கொண்டு அப்படியே நிற்க, பிரிட்ஜ் என்னை நோக்கிச் சரிந்தது. நல்ல காலம், பக்கத்தில் மா மூட்டைகள் அடுக்கியிருந்தன. பிரிட்ஜ் அதில் போய்ச் சாய்ந்தது. நான் எப்படித் தாவினேன் என்று எனக்கே தெரியாது.

"விசரே உங்களுக்கு? நான் ஒண்டுதானே சொன்னனான்!"

கடல் பக்கம் நின்ற இருவரும் தலையைச் சொறிந்தார்கள். இரண்டு பேரும் திருவிழாவுக்குச் சாமி காவுகிறவர்கள். சாமியைத் தோளில் ஏற்றும்போது எண்ணிக்கை கிடையாது. அரோகராச் சத்தம்தான்.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. அரோகரா கேட்டா எங்கட தோள் எங்களைக் கேளாது."

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு ஒன்று முடிவெடுத்தேன். காலை அகட்டுவதும் முழங்காலை மடிப்பதும் பிறகு. முதலில் ஆருடைய சொல்லுக்குத் தூக்குவது என்று தீர்க்கவேண்டும். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு சொல். மூட்டை என்றால் தூக்குகிறவர்களில் ஒருத்தர் சொல்லலாம். மனிதரைத் தூக்குவது என்றால் அந்தச் சொல் தூக்கப்படுகிறவருடையது. அவர் சொல்லாமல் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. என் வகுப்பில் இதற்கு விலக்கு இல்லை.

மகள் கேட்ட கேள்வி

கந்தையா முதலாளி ஒரு காலத்தில் தெற்கே ஒரு பட்டினத்தில் புடவைக்கடை வைத்திருந்தவர். எங்கட தீவு ஆக்கள் கனபேர் அப்படித்தான், குடும்பம் இஞ்சை, கடை அங்கை. இனக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து, பிறகு வெளிக்கிடவே இல்லை. மனைவி காலமாகிச் சில வருசங்கள். ஒரே மகள் வசந்தி கனடாவில். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அவரைப் பார்ப்பதற்கு அதே ஊரில் இருக்கிற ரஞ்சியை வைத்திருந்தா மகள். வீட்டைச் சுற்றின வளவு பார்க்கிற குணம் அண்ணை, தூக்குகிற நேரம் வந்து ஒரு கை கொடுப்பார்.

ஆள் நல்ல பெருத்த உடம்பு. பேச்சும் அப்படித்தான். வாய் கொஞ்சம் கோணினாலும் அதிகாரம் கோணவில்லை.

ஒரு நாள் கதிரையில் இருந்து கட்டிலுக்கு மாற்றும்போது கை வழுகி, முதலாளி பொத்தென்று நிலத்தில் இருந்துவிட்டார். காயம் ஒன்றும் இல்லை. ஆனால் மகள் பயந்துபோனா. ஆரோ சொல்லி என் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்து எடுத்தா.

"மிஸ், ஒருக்கா நேரை போய்ப் பாருங்கோ. வீட்டிலை வைச்சுப் பார்க்க ஏலும் எண்டால் சொல்லுங்கோ, பழக்கிவிடுங்கோ. ஏலாது எண்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கோ. கொழும்பிலை ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைச்சிருக்கிறன். நீங்கள் சொல்லிறதுதான் முடிவு."

எனக்கு இது பிடிக்கவே இல்லை. பழக்குவது என் வேலை. ஒருத்தர் எங்கே இருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல நான் என்ன நீதவானோ? ஆனாலும் போனேன்.

போனவுடன் முதலாளியிடம் நேரே கேட்டேன். "ஐயா, கொழும்புக்குப் போக விருப்பமோ?"

"நான் ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவன், பிள்ளை. இனி இந்தக் கட்டிலை விட்டிட்டும் போகச் சொன்னால் எனக்கு ஏலாது. கெஞ்சிறன் எண்டே வைச்சுக்கொள்ளும்."

கெஞ்சுகிற ஆள் இல்லை அவர்.

குசினியில்

"வழக்கமா எப்பிடித் தூக்கிறனீங்கள்? அதை முதலிலை காட்டுங்கோ" என்றேன்.

காட்டினார்கள். குணம் அண்ணை பின்னால் போய் இரண்டு கக்கத்துக்குள்ளும் கையைக் கொடுத்தார். ரஞ்சி முன்னால் குனிந்து முழங்காலுக்குக் கீழே கையைக் கோத்தா. "ஏலே!" என்று ஒரு தூக்கு. கட்டிலில் இருந்து கதிரைக்கு ஆள் வந்து விழுந்தார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்தார். ஒருத்தரும் அவரிடம் ஒரு சொல் கேட்கவும் இல்லை.

நான் பார்த்தது அவரை இல்லை, ரஞ்சியை. நிமிர்ந்தபோது ஒரேயடியாக நிமிரவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து, பாதி நிமிர்ந்து, மூச்சை விட்டு, மிச்சம் நிமிர்ந்தா. முகப் பவுடர் வாசத்துக்கு உள்ளே நோத்தைலம் மணத்தது. எனக்குத் தெரியாத மணமோ அது?

தேத்தண்ணி போட உதவுகிற சாட்டில் ரஞ்சிக்குப் பின்னாலேயே குசினிக்குப் போனேன்.

"நாரி எவ்வளவு காலமா?"

"எனக்கென்ன நாரி மிஸ்? நல்லாத்தான் இருக்கிறன்."

அந்தச் சொல்லோடு சீனிக் கரண்டி நிலத்தில் விழுந்தது. ரஞ்சி அதை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவவின் கண் நிறைந்துவிட்டது.

"ஐயாவின்ர மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ மிஸ். நாரி ஏலாத ஆளை ஆர் வைச்சிருப்பினம்? என்ர பிள்ளை இன்னும் படிக்கிறாள். அதைவிடுங்கோ, ஐயாவைக் கொழும்புக்குக் கொண்டுபோனா அவர் கனநாள் தாங்கமாட்டார். ராப்பகலா அவரிட்டை ஏச்சுப் பேச்சு வாங்கிறவள் நான், எனக்குத் தெரியும்."

கரண்டியை நான் எடுத்தேன். முழங்காலை மடித்துத்தான். "இப்பிடி எடுத்தா நோகாது" என்றேன். அழுத கண்ணோடு சிரித்தா.

இந்த மூன்று பேரையும் ஒரு வழி பண்ணாமல் இந்த வீட்டைவிட்டுப் போவதில்லை என்று அப்போதுதான் எனக்குள் நினைத்தேன். அறைக்கு வந்து பையைத் திறந்து அலுவலகம் தந்த துணியை விரித்தேன். வெள்ளைத் துணி! நானும் தீவாள்தானே, ஒரு நிமிசம் யோசித்திருக்கக் கூடாதோ? பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

அலுமாரி திறந்தது

திருநீறு பூசி முடிந்த பிறகும் குணம் அண்ணை கட்டிலுக்குக் கிட்ட வரவில்லை. "மிஸ், வேறை என்னவும் சொல்லுங்கோ, செய்யிறன். உதிலை மட்டும் கை வைக்கமாட்டன்" என்று கதவடியில் நின்றார்.

நான் துணியைச் சுருட்டினேன். "சரி ஐயா. அப்ப நீங்களே ஒரு துணி சொல்லுங்கோ. ஆனால் வழுக்கவேணும். வழுக்காத துணியாலை பிரயோசனமில்லை."

முதலாளியின் முகம் மாறியது. இடக்கையை நீட்டி, "உதை இங்காலை கொண்டுவாரும்" என்றார். வெள்ளைத் துணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒருதரம் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருதரம் தேய்த்தார்.

"எவ்வளவு நீளம் வேணும்?"

"தோளிலை இருந்து தொடை மட்டும். ரெண்டாய் மடிச்சுப் போடவேணும். துணிக்கு மேலை துணி வழுக்கும்."

"அகலம்?"

"உங்கட உடம்புக்கு அங்காலை ஒரு பிடி, இங்காலை ஒரு பிடி."

"ரஞ்சி, அலுமாரியைத் திற."

அறை மூலையில் நின்ற பெரிய அலுமாரியை ரஞ்சி திறந்தா. பூச்சி உருண்டை மணம் குப்பென்று வந்தது. அடுக்கடுக்காய்ச் சீலைகள், எல்லாம் முதலாளியின் மனைவியுடையவை. கடையில் இருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் அவர் கொண்டுவந்து கொடுத்தவை. கடை எரிந்த பிறகு அந்தக் கடையில் மிஞ்சினது இந்த அலுமாரி மட்டும்தான் என்று ரஞ்சி என் காதுக்குள் சொன்னா.

"மேலே கிடக்கிற வொயில் வேண்டாம், அது ஒட்டும். மணிப்புரியும் வேண்டாம், நூல் தடிப்பு. பட்டு எடுக்காதை, கரை கிழியும். கீழே பார், நைலெக்ஸ் கிடக்கும். ஓம், உதுதான்."

கிளிப்பச்சைச் சீலை. அதில் பெரிய பெரிய சிவப்புப் பூ. எத்தனையோ வருசம் மடிப்பில் கிடந்தும் நிறம் ஒரு பொட்டு மங்கவில்லை. ரஞ்சி அவர் மடியில் வைத்ததும் அது தானாகவே வழுகி நிலத்தில் விழுந்தது.

"பார்த்தீரோ?" என்றார் முதலாளி. "அந்த நாளையிலை உதைத் தோளிலை நிப்பாட்ட ஏலாமல் பொம்பிளையள் பட்ட பாடு! குத்தூசி குத்தித்தான் கட்டுவினம். என்ர மனிசி ஏசி ஏசிக் கட்டுவா."

பிறகு என்னைப் பார்த்து, "கட்டிலிலை விரியும், பிள்ளை" என்றார்.

குணம் அண்ணை கதவடியை விட்டு வந்தார்.

"வரட்டும்!"

பழக்கும்போது முதலில் நான்தான் பாரம். இது என் வழக்கம். கட்டில் உயரம் காணாது, சரியான பதிவு, குனிந்தால்தான் கை எட்டும். குணம் அண்ணை வளவில் கிடந்த சீமெந்துக் கற்களைக் கொண்டுவந்து காலுக்குக் கால் வைத்துக் கதிரை உயரத்துக்கு ஏற்றினார். ஆட்டிப் பார்த்தோம், அசையவில்லை.

"என்னைத் தேரிலை ஏத்திறியளோ?" என்று முதலாளி கதிரையில் இருந்து பகிடி விட்டார்.

சீலையை இரண்டாய் மடித்து விரித்து, அதில் நான் ஏறிப் படுத்தேன். "காலை அகட்டுங்கோ. முழங்கால். நாரியை மடிக்காதேங்கோ ரஞ்சி! துணியைச் சுருட்டி உடம்போடை சேர்த்துப் பிடியுங்கோ. தூக்கிறேல்லை, இழுக்கிறதும் இல்லை. உங்கட பாரத்தை ஒரு காலிலை இருந்து மற்றக் காலுக்கு மாத்துங்கோ, நான் தானா வருவன். நான் சொல்லும்வரை ஒண்டும் செய்யாதேங்கோ. சரி, இப்ப!"

நான் போய்த் தலைமாட்டுப் பலகையில் முட்டினேன். அவ்வளவு வேகம். உச்சந்தலையில் "டொக்" என்று கேட்டது. ரஞ்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா, குணம் அண்ணை வெளிப்படையாகவே சிரித்தார். முதலாளி சிரித்த சிரிப்பில் அவருடைய கோணல் வாய் நேராகிவிட்டதோ என்று எனக்கு ஐமிச்சம்.

"பிள்ளையின்ர மண்டை போச்சு. எண்டாலும் துணி நல்ல துணி" என்றார்.

ரஞ்சி கையை முழங்காலில் வைத்துப் பார்த்தா, நாரியில் வைத்துப் பார்த்தா. "மிஸ், எனக்கு ஒண்டும் செய்யேல்லை" என்றா. நோகாமல் ஒரு ஆளை நகர்த்தலாம் என்பதை அவ நம்பியே கனகாலம் ஆகியிருக்கவேண்டும்.

பிறகு முதலாளியின் முறை. அவருடைய நல்ல பக்கம் கட்டிலுக்கு வரும்படி கதிரையைச் சேர்த்துப் போட்டோம். வலது முழங்கால் மடங்காமல் ரஞ்சி தன் முழங்காலால் முட்டுக் கொடுத்தா.

"ஐயா, முன்னுக்குச் சரியவேணும். மூக்கு உங்கட கால் பெருவிரலுக்கு மேலை வரவேணும். நல்ல காலை ஊன்றினால் பாதி வேலை நீங்கள்தான் செய்வீங்கள். ஆனால் எப்ப எண்டு நீங்கள்தான் சொல்லவேணும். நீங்கள் சொல்லாமல் ஒருத்தரும் உங்களிலை கை வைக்கமாட்டினம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நானோ சொல்லிறது?"

"உங்கட உடம்பு ஐயா. வேறை ஆர் சொல்லிறது?"

எவ்வளவு காலம் அவரைக் கேட்காமல் தூக்கினார்களோ, எவ்வளவு காலம் அவரைக் கேட்காமல் போட்டார்களோ. கண்ணைத் துடைக்க இடக்கை எழும்பியது. பாதியில் நிறுத்தி, தொண்டையைச் செருமினார். லொறியில் இருந்து புடவைக் கட்டு இறக்கும்போது கடை வாசலில் நின்று சொல்லுகிற சொல் ஒன்று அவரிடம் இருந்தது.

"ஐயா, நாங்கள் ஆயத்தம்" என்றா ரஞ்சி.

"வரட்டும்!" என்றார் முதலாளி.

எழும்பினார். உண்மையாகவே அவர்தான் எழும்பினார், நாங்கள் சும்மா துணைக்கு. பாதத்தைச் சின்னச் சின்னதாகத் திருப்பி, கட்டிலில் உட்கார்ந்து, சரிந்து, படுத்தார். இன்னொரு "வரட்டும்!" கிளிப்பச்சைச் சீலை அவரை அலுங்காமல் தலையணைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தலை முட்டவில்லை, அதற்குள் இரண்டு பேரும் அளவு பிடித்துவிட்டார்கள்.

கனடாவில் விடிந்தபோது

பின்னேரம் ஆகியிருந்தது. அங்கே விடிகிற நேரம். வசந்தியை வீடியோவில் எடுத்து, கைத்தொலைபேசியை யன்னலில் சாத்திவைத்தேன். முழுவதையும் திரும்பச் செய்து காட்டினோம்.

"மிஸ், அது அம்மாவின்ர சீலையெல்லோ?"

எடுத்த எடுப்பில் சீலையைக் கேட்பா என்று நான் நினைக்கவில்லை. ரஞ்சி என் பின்னால் ஒளிந்தா.

முதலாளிதான் பேசினார். "ஓம், அம்மாவின்ரதான். நானாத்தான் எடுக்கச் சொன்னனான். பூச்சி உருண்டைக்குள்ளை கிடந்து அது ஆருக்கு உதவப்போகுது? இப்ப அவதானே என்னைத் தாங்கிறா."

வசந்தி அழுதா. அழுது முடித்து, "மிஸ், சொல்லுங்கோ. வீட்டிலை வைச்சுப் பார்க்க ஏலுமோ?" என்று கேட்டா.

"ஏலும். ஆனால் ஒரு கதை இருக்கு. அப்பாவைப் பார்க்கிற ஆளின்ர நாரியை நீங்கள் பார்க்கவேணும்."

ரஞ்சி என் முழங்கையைப் பிடித்து நுள்ளின நுள்ளு இன்னும் நினைவிருக்கிறது. நான் விடவில்லை. நாரி எப்படி இருக்கிறது, ஏன் அப்படி ஆனது, எல்லாம் சொன்னேன். முதலில் வைத்தியம் செய்யவேண்டும். தனிய ஒரு நாளும் மாற்றக்கூடாது. குணம் அண்ணை தோட்டத்துக்குப் போன நேரம் என்றால் அவர் வரும்வரை ஐயா பொறுத்திருக்கவேண்டும்.

"நான் பொறுப்பன்" என்றார் முதலாளி.

"ரஞ்சியக்கா, எனக்கேன் சொல்லேல்லை?" என்று கேட்டா வசந்தி.

"சொன்னா நிப்பாட்டிப்போடுவியள் எண்டு பயந்தனான், பிள்ளை."

"உங்களை நிப்பாட்டிப்போட்டு நான் ஆரிட்டைப் போறது?"

கொழும்புக் கதை அதோடு முடிந்தது. நான் போகும்போது ரஞ்சி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஸ்கூட்டியில் ஒரு பை பனை ஒடியல் தொங்கியது. அது கோபமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

வாடை கழிந்து

அந்தச் சோளகம் முடிந்து, வாடைக் காற்று வந்து போய், திரும்பவும் சோளகம் தொடங்கின ஒரு காலையில் முதலாளி போய்விட்டார். தன் கட்டிலில், தன் யன்னலைப் பார்த்தபடி. கற்களுக்கு மேல் நின்ற அதே கட்டில்.

ரஞ்சிதான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னா. நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறையச் சனம். வசந்தி விமானத்தில் வந்துகொண்டிருந்தா. உடம்பை அறையில் இருந்து ஹோலில் போட்ட மர வாங்கிலுக்கு மாற்றவேண்டும். சொந்தக்காரர் ஒருத்தர் வெள்ளைத் துணியோடு வந்தார். இப்போது அந்தத் துணிக்கு ஞாயம் இருந்தது. ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது.

"பொறுங்கோ" என்றா ரஞ்சி. இவ்வளவு சனத்துக்கு நடுவில் அவ குரல் உயர்த்தினதை நான் முன்னம் கேட்டதில்லை. "வாங்கிலிலை போட்ட பிறகு வெள்ளையை மூடுங்கோ. அதுமட்டும் ஐயா இதிலைதான் வருவார்."

உடம்புக்குக் கீழே கிளிப்பச்சைச் சீலை ஏற்கெனவே விரித்திருந்தது. தோய்த்துத் தோய்த்துச் சிவப்புப் பூ கொஞ்சம் வெளிறியிருந்தது.

தலைப்பக்கம் ரஞ்சியும் குணம் அண்ணையும். கால் பக்கம் நானும் சொந்தக்காரரும். ரஞ்சி அவரைப் பார்த்து, "காலை அகட்டுங்கோ. முழங்காலை மடியுங்கோ" என்றா. அவர் திகைத்துப்போய் மடித்தார். துணியைச் சுருட்டி வயிற்றோடு சேர்த்துப் பிடித்தோம்.

ரஞ்சி குனிந்து, இடக்காதுப் பக்கம் வாயை வைத்தா.

"ஐயா, நாங்கள் ஆயத்தம்."

நாலு பேரும் அப்படியே நின்றோம். சொந்தக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் குணம் அண்ணையைப் பார்த்தேன். அவர் ரஞ்சியைப் பார்த்தார். சனத்துக்கு நாங்கள் எதற்கு நிற்கிறோம் என்று விளங்கவில்லை. வெளியே சோளகம் பனை ஓலையில் அடித்துக்கொண்டிருந்தது.

முதலாளி மறுமொழி சொல்ல வழக்கமாக எவ்வளவு நேரம் எடுப்பாரோ, அவ்வளவு நேரமும் ரஞ்சி பொறுத்தா. பிறகு எங்களைப் பார்த்துத் தலையசைத்தா.

தூக்கினோம். ஒருத்தருக்கும் நாரி நோகவில்லை.